வாடிப் பற்றரி: ஒன்று பசியில் செத்தது, ஒன்று சூட்டில் செத்தது

இந்தப் பெரும்போகம் விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை எங்கள் வயல்வாடியில் (காவல் குடிசையில்) லைட் ஒரு ராவும் அணையவில்லை. வேலிக்குப் போகும் கரன்டும் நிற்கவில்லை. அதற்கு முன் இரண்டு பற்றரிகள் கையோடு போயின. முதலாவது சாதாரண அசிட் பற்றரி. இரண்டாவது காசைக் கொட்டி வாங்கிய, தண்ணி விடத் தேவையில்லாத ஏ.ஜி.எம். என்ற சீல் பற்றரி. இரண்டும் செத்த விதம் நேரெதிரானது. மூன்றாவதாக மறுபடியும் அசிட் பற்றரியே வாங்கினேன். ஆனால் இந்த முறை பற்றரியை விட அதைச் சுற்றியிருந்த சாமான்களைத்தான் கூடுதலாக மாற்றினேன். வயலிலோ தோட்டத்திலோ சின்ன சோலர் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று அளவுகளோடு எழுதுகிறேன்.

வாடி இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையைத் தாண்டி உள்ளே. கரன்ட் கம்பி அவ்வளவு தூரம் வரவில்லை. யானை வரும். வெள்ளாமை கதிர் தள்ளும் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் காவல் இல்லாமல் விட முடியாது. மாமாதான் இரவில் அங்கே படுப்பார். பற்றரி தாங்க வேண்டியது இவ்வளவுதான்: 7 வாட் எல்.ஈ.டி. லைட் இரண்டு, இரவு முழுக்க. யானை வேலிக்குத் துடிப்பு அனுப்பும் மிசின் ஒன்று, சராசரி 5 வாட். போன் சார்ஜ், டோர்ச் சார்ஜ். (வீட்டு 230 வோல்ட் கரன்டை நேரே வேலிக் கம்பிக்குக் கொடுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது யானையையும் கொல்லும், விடிய வயலுக்கு வரும் மனுசனையும் கொல்லும். சட்டப்படி குற்றமும்கூட. அந்தக் கதையை இங்கே எடுக்கவில்லை.)

கணக்குப் போட்டால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 230 வாட்-மணி. 12 வோல்டில் அது 19 அம்பியர்-மணி. பற்றரி 100 அம்பியர்-மணி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. 100 வாட் பனல் ஒன்று உச்ச வெயிலில் 5.5 அம்பியர் தரும். கச்சான் காற்றடிக்கும் வெயில் மாதங்களில் ஒரு நாள் வெயில் 5 மணித்தியால உச்ச வெயிலுக்குச் சமம் என்று வைத்தால் 27 அம்பியர்-மணி. தாராளம். இந்தக் கணக்கைத்தான் ஆரம்பத்தில் கடதாசியில் போட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டேன். கச்சான் மாதக் கணக்கை வைத்துக்கொண்டு மாரிக்குக் காவல் காக்கப் போனதுதான் முதல் பிசகு.

முதல் பற்றரி

அறிகுறி இப்படித் தொடங்கியது. பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரில் பின்னேரம் மூன்று மணிக்கே பச்சை லைட் எரியும், பற்றரி நிறைந்துவிட்டதாம். இரவு பத்து மணிக்கு எல்லாம் அணைந்துவிடும். "பற்றரிக்கு வருத்தம் போல, மருமகன்" என்று மாமா போனில் சொல்வார். நானும் பனலைத் துடைப்பேன், டேர்மினலைச் சுரண்டுவேன், வயரை இறுக்குவேன். இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். பிறகு அதே கதை.

ஒரு வழியாகப் பற்றரியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றும் பூட்டாமல் ஓர் இரவு வைத்து, காலையில் மல்ட்டி மீற்றரால் பார்த்தால் 12.1 வோல்ட். முழுதாக நிறைந்த அசிட் பற்றரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. அதாவது பச்சை லைட் எரிந்த பற்றரி பாதிக்கும் கீழே கிடந்தது.

மூடிகளைக் கழற்றினேன். இரண்டு செல்லில் தகட்டின் தலை தண்ணிக்கு மேலே தெரிந்தது. அசிட் தண்ணியைவிட எத்தனை மடங்கு கனம் என்று காட்டும் ஐதரோமீற்றர் ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். கராஜ்காரர் பந்தை அமத்தி அசிட்டை உறிஞ்சிப் பார்க்கிறார்களே, அந்தக் கண்ணாடிக் குழாய். தகடு மூடும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணி விட்டு, சற்று நேரம் சார்ஜ் ஏற்றிக் கலக்கவிட்ட பிறகு அளந்ததில் ஐந்து செல்கள் 1.170 முதல் 1.180 வரை, ஒன்று 1.150. நிறைந்த பற்றரியில் இது 1.265க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தி இருந்தது. செல்லுக்குச் செல் வித்தியாசம் 0.050க்கு மேலே போனால் அந்தச் செல் போய்விட்டது, மெனக்கெடத் தேவையில்லை. இங்கே வித்தியாசம் 0.030தான். ஆறும் சேர்ந்து பசியில் கிடந்திருக்கின்றன. நீண்ட காலம் பாதிச் சார்ஜில் கிடந்தால் தகட்டில் படியும் ஈயச் சல்பேற்று கட்டியாக இறுகிவிடும். பிறகு அது சார்ஜைச் சுலபத்தில் வாங்காது.

வாங்கவுமில்லை. 12,500 ரூபாய்க்கு அம்பியர் முள் உள்ள சாதாரண சார்ஜர் ஒன்று எடுத்து, 5 அம்பியரில் வைத்துப் பூட்டினால் முள் ஒன்றைக் கூடத் தொடவில்லை. வோல்ட் மட்டும் கண் மூடித் திறக்குமுன் 14.5க்கு ஏறி நின்றது. வாடியில் பின்னேரம் மூன்று மணிக்குப் பச்சை லைட் எரிந்ததன் இரகசியம் இதுதான். கொன்ட்ரோலர் வோல்டைப் பார்த்து நிறைந்தது என்று நினைத்திருக்கிறது, உள்ளே ஒன்றும் போகவில்லை.

அப்படியே விட்டேன். விடிய முள் 2 அம்பியருக்கு வந்திருந்தது. பிறகு மெல்ல 4 வரை ஏறி, திரும்ப இறங்கியது. மணிக்கொரு தடவை ஐதரோமீற்றரால் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். 1.230இல் வந்து நின்றது. அடுத்தடுத்து மூன்று தடவை பார்த்தும் ஏறவில்லை என்றால் அந்த வோல்டில் அவ்வளவுதான். பிறகு 15.3 வோல்டுக்கு உயர்த்தி, ஓட்டம் 2 அம்பியரைத் தாண்டாமல் இன்னும் பல மணித்தியாலம் கொதிக்க விட்டேன். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். உள்ளிருந்து வருவது ஐதரசன். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். பற்றரியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை வைக்க முடியாமல் சுட்டால் நிறுத்தி ஆறவிட வேண்டும். கடைசியில் 1.245. மோசமில்லை என்று நினைத்தேன்.

உண்மையான சோதனை பிறகுதான். பழைய ஹெட்லைட் பல்ப், 55 வாட். பற்றரியோடு பூட்டினால் 4.6 அம்பியர் இழுக்கும். வெளிச்சத்தில் விட்டுவிட்டு, மீற்றர் 11.6 வோல்டைத் தொடும்வரை எத்தனை மணித்தியாலம் என்று பார்ப்பது. அதற்கும் கீழே இறக்கினால் சோதனையே பற்றரியைக் கொன்றுவிடும். என்னுடையது ஏழரை மணித்தியாலம் தாங்கியது. பின்னால் வாங்கிய புதுப் பற்றரி இதே பல்பில் 16 மணித்தியாலம் ஓடியது. ஆக, ஐதரோமீற்றரில் முக்கால்வாசி தேறியதுபோல் தெரிந்தாலும் கையில் கிடைத்தது பாதிக்கும் குறைவு. வோல்டும் அசிட் அளவும் பற்றரி நிறைந்திருக்கிறதா என்றுதான் சொல்லும். பாத்திரம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை இப்படிச் சுமை போட்டுப் பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

அந்தப் பற்றரி இப்போது வீட்டில் ரவுட்டருக்கும் ஒரு லைட்டுக்கும் கரன்ட் போகிற நேரம் போதுமாக இருக்கிறது. வாடிக்கு ஆகாது.

ஏ.ஜி.எம்.

ஏ.ஜி.எம். பற்றரியில் அசிட் தண்ணியாகத் தளும்பாது. தகடுகளுக்கிடையில் கண்ணாடி நார்த் தட்டு ஒன்று அதை உறிஞ்சி வைத்திருக்கும். தண்ணி விடத் தேவையில்லை, சாய்த்து ஏற்றலாம், மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாலும் சிந்தாது. தண்ணி வற்றித்தான் முதல் பற்றரி கெட்டது என்று அப்போது நம்பியதால் இது மருந்துபோலத் தெரிந்தது. 100 அம்பியர்-மணி, 82,000 ரூபாய். வாடியில் பழைய கொன்ட்ரோலரிலேயே பூட்டினேன். யானைக்கும் மழைக்கும் பயந்து, பற்றரியைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் போட்டாயிற்று.

மாரியில் ஓரளவு தாங்கியது. அதற்குப் பிறகு வந்த சிறுபோகத்தில், கச்சான் வீசும் மாதங்களில், மாமாவிடமிருந்து வேறுவிதமான முறைப்பாடு வந்தது. பெட்டிக்குள் பற்றரி வீங்கியிருக்கிறதாம். போய்ப் பார்த்தால் உண்மைதான், இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது. கழற்றி ஒரு நாள் வைத்து அளந்தால் 12.9 வோல்ட். ஏ.ஜி.எம்.முக்கு அது முழுச் சார்ஜ். ஆனால் ஹெட்லைட் பல்பைப் போட்டதும் நாலு மணித்தியாலத்தில் 11.6.

இது என்னைக் கொஞ்ச நேரம் குழப்பியது. முதல் பற்றரி வோல்ட் குறைந்து செத்தது, இது வோல்ட் நிறைந்து சாகிறது. விளக்கம் எளிது: உள்ளே தண்ணி ஆவியாகிப்போனால் மிஞ்சிய அசிட் செறிவாகிறது, செறிந்த அசிட் ஓய்வு வோல்டைக் கூட்டிக் காட்டும். நார்த் தட்டு காய்ந்துவிட்டதால் வேலைசெய்ய ஆளில்லை.

இந்த முறைதான் பற்றரியை விட்டுவிட்டுக் கொன்ட்ரோலரை அளந்தேன். நடுமத்தியானம், தகரப் பெட்டியைத் திறந்து, மல்ட்டி மீற்றரைப் பற்றரியின் டேர்மினலிலேயே வைத்தேன். முதலாவது, மீற்றரில் 14.8, கொன்ட்ரோலரின் திரையில் 14.6. இரண்டாவது, பின்னேரம் நாலு மணிவரை வோல்ட் இறங்கவேயில்லை. நிறைந்த பிறகு 13.6 அளவுக்கு இறங்கி மிதக்கவிட வேண்டும், அந்தக் கொன்ட்ரோலருக்கு அந்தப் பழக்கமே இல்லை. மூன்றாவது, அது அசிட் பற்றரிக்கான அமைப்பிலேயே கிடந்தது. சீல் பற்றரிக்கு வேறு அமைப்பு இருந்ததை நான் மாற்றவில்லை. நாலாவதும் மோசமானதும்: பெட்டிக்குள் சமையல் தேர்மோமீற்றரை வைத்தால் 47 பாகை.

பற்றரி உறையில் அச்சடித்திருக்கும் வோல்ட் எல்லாம் 25 பாகைக்கு. அதற்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் 12 வோல்ட் பற்றரிக்கு ஏறத்தாழ 24 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 47 பாகை என்றால் 22 பாகை கூட, அரை வோல்டுக்கு மேல் குறைக்க வேண்டும். 14.4 வேண்டிய இடத்தில் 13.9. நான் கொடுத்தது 14.8. அதுவும் நாள் முழுக்க, மாதக்கணக்கில். முதல் பற்றரிக்குச் சோறில்லை, இரண்டாவதுக்கு வாயில் திணித்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

வோல்ட் சரியாக இருந்திருந்தாலும் அந்தச் சூடே போதும். ஈயப் பற்றரி ஒன்றின் ஆயுள் ஒவ்வொரு 8 - 10 பாகை கூடும்போதும் ஏறத்தாழப் பாதியாகும். தகரப் பெட்டி யானையிடமிருந்து காப்பாற்றியது, வெயிலுக்குக் கொடுத்துவிட்டது.

செத்த ஏ.ஜி.எம்.மைத் தண்ணி விட்டு எழுப்பலாம் என்று மருமகப் பொடியன் ஒருவன் வீடியோ காட்டினான். மேல் மூடிப் பட்டையை நெம்பிக் கழற்றினால் கீழே ஒவ்வொரு செல்லுக்கும் இறப்பர் தொப்பி இருக்கிறது. ஊசிக்குழாயால் செல்லுக்கு 20 மில்லிலீற்றர் வடித்த தண்ணி விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, சார்ஜ் ஏற்றினோம். பல்ப் சோதனையில் நாலு மணித்தியாலம் ஆறானது. சந்தோசம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. தொப்பிகள் அமுக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் வால்வுகள். ஒருமுறை கிளப்பிவிட்டால் பழையபடி இருக்காது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதில் கை வைக்கவே வேண்டாம். சிந்தின அசிட்டுக்கு மேலே அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்து அடங்கும். ஒரு பக்கெட் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

கடையில்

மூன்றாவது பற்றரிக்கு, காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த நானா ஒருவரின் கடைக்குப் போனேன். வீங்கிய ஏ.ஜி.எம்.மைக் கண்டதும் அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டிய காலத்தில் இன்வேர்ட்டர் பற்றரிக்குச் சனம் வரிசையில் நின்றதாம். அதில் நிறையப் பேர் பற்றரியோடு திரும்பி வந்தார்களாம். "கரன்ட் இருக்கிற நேரத்துக்குள்ள பற்றரி நிறையாது தம்பி. காலையில பாதி, ராவைக்குப் பாதி. எந்தப் பற்றரி அதைத் தாங்கும்?" என்றார். என் முதல் பற்றரியின் கதையும் அதேதான், கரன்ட் வெட்டுக்குப் பதிலாக மாரி மூட்டம்.

இன்னொரு ஏ.ஜி.எம். எடுப்பதா என்று அவரும் கேட்டார். யோசித்தேன். ஏ.ஜி.எம். கெட்ட பற்றரி இல்லை. ரியூசன் வகுப்பு யூ.பி.எஸ்.சில், மோட்டார் சைக்கிளில், நிழலும் சரியான சார்ஜரும் உள்ள வீட்டில் அதுதான் சௌகரியம். ஆனால் வாடி போன்ற இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அசிட் பற்றரியில் மூடியைத் திறந்து பார்க்கலாம். தண்ணி குறைந்தால் கூடுதலாகக் கொதிக்கிறது என்று அர்த்தம், அசிட் அளவு ஏறாவிட்டால் பசியோடு கிடக்கிறது என்று அர்த்தம். ஏ.ஜி.எம். வீங்கிய பிறகுதான் வாயைத் திறக்கும். அதோடு 30,000 ரூபாய் வித்தியாசம்.

மீற்றரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவர் முதலில் இறக்கிய பற்றரி 12.38 காட்டியது. கடைத் தட்டில் நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்திருக்கிறது. அதை வேண்டாம் என்றேன், அவரும் கோபிக்கவில்லை. உள்ளிருந்து வேறொன்று வந்தது, 12.68. அது சரி. 52,000 ரூபாய். பழைய ஏ.ஜி.எம்.மை நிறுத்துப் பார்த்து 7,500 கழித்தார். ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு. பழைய பற்றரியை வளவில் போட்டு வைப்பதைவிடவும், உடைத்துத் தாங்களே ஈயம் உருக்குகிறவர்களிடம் கொடுப்பதைவிடவும், கடையில் மாற்றிக்கொள்வது எவ்வளவோ மேல்.

வீட்டில் முதல் வேலையாக ஆறுதலாக முழுச் சார்ஜ் ஏற்றி, ஒவ்வொரு செல்லின் அளவையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி மூடிக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். வெப்ப நாட்டுக்கு விற்கும் பற்றரிகளில் அசிட்டைச் சற்று நீர்த்துத்தான் ஊற்றுகிறார்கள். என்னுடையது நிறைந்தபோது 1.250தான் காட்டியது. புத்தகத்து 1.265ஐ நம்பி அதை எட்ட வைக்கக் கொதிக்கவிட்டிருந்தால் வீணாகப் போயிருக்கும். அளக்கும்போது அசிட் சூடாக இருந்தால் ஒவ்வொரு 10 பாகைக்கும் 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும்.

வாடியில் மாற்றியவை

மாரிக் கணக்கைத்தான் முதலில் திருத்தினேன். கார்த்திகை, மார்கழி மூட்டத்தில் ஒரு நாள் வெயில் 2 மணித்தியால உச்ச வெயிலுக்கு மேல் வராது. ஒரு பனலுக்கு 11 அம்பியர்-மணி. ராவுக்குத் தேவை 19, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 22. ஒரு நாளுக்குப் பதினொன்று கடன். ஒரு கிழமைக்குள் பற்றரி பாதிக்குக் கீழே போய்விடும். பிறகு தை வெயில் வரும்வரை அப்படியே கிடக்கும்.

இரண்டு பக்கமும் கை வைத்தேன். இன்னுமொரு 100 வாட் பனல், 16,000 ரூபாய், பழையதோடு பரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்). மூட்டத்திலும் 22 கிடைக்கும். செலவில், படுக்கும் இடத்து லைட்டை 3 வாட்டுக்கு மாற்றினேன். வேலி மிசின் பகலிலும் ஓடிக்கொண்டிருந்ததை ஒரு சுவிச் வைத்து இரவுக்கு மட்டுமாக்கினேன். என் 230 கணக்கில் அந்தப் பகல் ஓட்டம் சேரவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது ராவுக்கு 15க்குள் அடங்குகிறது.

பனல் முன்பு தட்டையாகக் கிடந்தது. மாரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அதனால் தெற்குப் பார்க்க 25 பாகை சரித்துக் கட்டினேன். இதில் கிடைத்த பெரிய நன்மை வெயிலில்லை: கொக்கு எச்சத்தை மழையே கழுவிவிடுகிறது.

பனலிலிருந்து வரும் வயர் பத்து மீற்றர். பழையது 1.5 சதுர மில்லிமீற்றர். ஒரு பனலின் 5.5 அம்பியருக்கே அதில் 1.3 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. இரண்டு பனலானால் அது இரட்டிக்கும். 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டேன், இப்போது 11 அம்பியருக்கும் ஏறத்தாழ ஒரு வோல்ட்தான் விழுகிறது. கொன்ட்ரோலருக்கும் பற்றரிக்கும் இடையில் ஒரு மீற்றருக்கும் குறைவாக 6 சதுர மில்லிமீற்றர். இந்தத் துண்டில் விழும் வோல்ட்தான் கொன்ட்ரோலரை ஏமாற்றும், அதனால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். வயர், லக் எல்லாம் சேர்த்து 6,800. பற்றரியின் பிளஸ் டேர்மினலுக்கு ஒரு சாண் தள்ளி 20 அம்பியர் பியூஸ், ஹோல்டரோடு 900. பெரிய பற்றரி வயரில் சோட்டானால் ஸ்பனரே சிவக்கும்.

கொன்ட்ரோலர் 11,500. வாங்கும்போது இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டேன்: வோல்டுகளை நானே அமைக்கலாமா? வெப்பம் பார்க்கும் சென்சர் வயர் வருமா? எம்.பி.பி.ரி. என்ற விலை கூடிய வகையைக் கேட்டு வாங்கவில்லை. இந்தச் சின்ன அமைப்புக்குப் பி.டபிள்யூ.எம். என்ற எளிய வகை போதும், மிச்சக் காசு பனலுக்குப் போனது. அமைத்த அளவுகள்: சார்ஜ் 14.6, நிறைந்த பின் மிதக்க 13.5, பாகைக்கு 24 மில்லிவோல்ட் குறைப்பு. தானாகவே மாதாமாதம் 15க்கு மேல் ஏற்றிக் கொதிக்கவைக்கும் வசதியை நிறுத்திவிட்டேன், செல்களுக்கிடையில் 0.020க்கு மேல் வித்தியாசம் கண்டால் நானே போட்டுக்கொள்வேன்.

அதைவிட முக்கியம் கீழ்வெட்டு. பழைய கொன்ட்ரோலர் 10.7 வோல்டில்தான் லைட்டை அணைக்கும். எங்களைப்போல ஒன்றிரண்டு அம்பியர் சுமைக்கு 10.7 என்றால் பற்றரியைச் சுரண்டி வழித்தாயிற்று. அதை 12.0க்கு உயர்த்தினேன், திரும்ப 12.8 வந்தால்தான் பூட்டும். மாமாவுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. இன்னும் எரியக்கூடிய பற்றரியை ஏன் அணைக்க வேண்டும் என்பார். இந்த மாரியில் ஒரு தடவையும் அது 12.0ஐத் தொடவில்லை என்பதால் அந்த விவாதம் முடியாமலே நிற்கிறது. நாள்கணக்காக வெயிலே காணாமல் மழை ஊற்றியபோது விடியற்காலையில் 12.2 வரை இறங்கியது. அப்போது பெரிய லைட் ஒன்றை அணைத்து வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

தகரப் பெட்டி போயிற்று. மண் நிலத்தில் நாலு சீமெந்துக் கல், அதன் மேல் பலகை, அதன் மேல் பற்றரி. சுற்றிப் பிளாஸ்டிக் பெட்டி, மேல் பக்கம் சூட்டைத் தடுக்கும் ரெஜிபோம் தகடு, பக்கங்களில் கீழேயும் மேலேயும் விரல் நுழையும் ஓட்டைகள். ஐதரசன் மேலே போக வழி வேண்டும். பெட்டி இருப்பது வடக்குப் பக்கத்துக் கிடுகுச் சுவரோரம், மாமாவின் படுக்கைக்கு நேர் எதிர் மூலையில். அவர் சுருட்டுக் குடிப்பார். பெட்டிக்கு 3,000. இந்த இடத்தில் உச்சி வெயிலிலும் நான் கண்ட கூடிய சூடு 34 பாகை.

எல்லாம் சேர்த்துப் பற்றரியோடு 90,200 ரூபாய், ஏ.ஜி.எம். கழிவு போக 82,700. செத்த ஏ.ஜி.எம். ஒன்றுக்கே 82,000 கொடுத்தவன் நான்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு செல்லுக்கும் சேர்த்து 300 மில்லிலீற்றர் அளவில் வடித்த தண்ணி போகிறது. ஒரு லீற்றர் போத்தல் 200 ரூபாய். சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் குறிவரை நிரப்புவேன், முன்பே நிரப்பினால் கொதித்து வழியும். அசிட் ஒருபோதும் விடுவதில்லை. ஆவியாவது தண்ணி மட்டும்தான். கிணற்றுத் தண்ணி கூடாது, படுவான்கரைக் கிணறுகளில் இரும்பும் உப்பும் தெரியும். டேர்மினலை வெந்நீரும் அப்பச்சோடாவும் போட்டுக் கழுவி, துடைத்து, வஸ்லின் பூசுவது. மாதம் ஒருமுறை பின்னேரம், சார்ஜ் ஏறி முடிந்த பிறகு, ஐதரோமீற்றரை வைத்து டேப்பில் எழுதியதோடு ஒப்பிடுவது. தை கடைசியில் ஆறு செல்களும் 1.240க்கும் 1.250க்கும் இடையில் நின்றன.

அடுத்த முறை மாற்ற வேண்டியது ஒன்று: ஒரு 100க்குப் பதிலாக இரண்டு 50 வாங்கி, பரலலாகப் பூட்டுவேன். விலை கொஞ்சம் கூடத்தான் வரும். ஆனால் 100 அம்பியர்-மணிப் பற்றரியை லேண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு மிசின்) பெட்டியில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். நீண்ட மழையில் ஒன்றைக் கழற்றி வீட்டுச் சார்ஜருக்குக் கொண்டுவந்தாலும் மற்றது வேலியைத் தாங்கும். இரண்டும் ஒரே நாளில், ஒரே உற்பத்தித் திகதியோடு வாங்கியதாக இருக்க வேண்டும். பழசோடு புதுசைச் சேர்த்தால் புதுசும் பழசாகும்.

இன்னொன்றை ஏற்கெனவே மாற்றிவிட்டேன். வெட்டு முடிந்து வயல் காய்ந்ததும் எலி முழுக்க வாடிக்குள் வந்துவிட்டது. கொன்ட்ரோலரிலிருந்து பற்றரிக்குப் போகும் சென்சர் வயரைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. சென்சர் இல்லாவிட்டால் என் கொன்ட்ரோலர் எப்போதும் 25 பாகை என்றே நினைத்துச் சார்ஜ் ஏற்றும். கச்சான் காலம் தொடங்குவதற்குள் கண்டது நல்லதாய்ப் போயிற்று. வயரை ஒட்டி, அரை அங்குல பி.வி.சி. குழாய்க்குள் விட்டு, இரண்டு வாயையும் பழைய துணியும் தாரும் வைத்து அடைத்திருக்கிறேன்.